வேதவல்லியம்மா சிபாரிசு

சத்தியமாச் சொல்றேண்ணே, இனிமே நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யின்னா இந்த பஸ்ஸோட ஆறு டயரும் ஒரே நேரத்துல வெடிக்கட்டும். பயப்படாதீங்க, வெடிக்காது. ஏறும்போதே பாத்துட்டுத்தான் ஏறுனேன். நமக்குத் தொழிலே அதான். பெரியகுளத்துல மொக்கராசு பஞ்சர் கடைன்னு கேட்டுப் பாருங்க, காறித் துப்பிட்டு வழி சொல்லுவாய்ங்க.

நீங்க பாட்டுக்குப் படிங்க. இல்ல, படிங்கண்ணே, நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்? தேனியிலயே ஆரம்பிச்சிட்டீங்களா? பாதி தாண்டிட்டீங்க. அந்த எஸ்டேட்டு டாக்டரு காணாமப் போற எடம் வந்துருச்சா? வந்துருச்சுல்ல. அடுத்து அந்த வாட்ச்மேன் ஒரு பொய் சொல்லுவான்... சரி சரி, மொறைக்காதீங்க. வாய மூடிக்கிட்டேன்.

நான் படிச்சாச்சு அத. என்ன, மேலயும் கீழயும் பாக்குறீங்க? பஞ்சர் ஒட்டுறவன் நாவல் படிக்கக் கூடாதுன்னு எதாச்சும் ஆர்டர் போட்டிருக்காய்ங்களா? ஆறாப்பு படிச்சிருக்கேன். ஆறாப்புல பாதி. மிச்சம் பூராம் கடையில படிச்சது. டயரு வந்தாத்தான வேல? வராத நேரத்துல என்ன பண்ண, ரோட்டுல ஆணி போடவா? அதுவும் போட்டிருக்கேன், அது வேற கத.

கடையில பாக்கெட் நாவல் நாலஞ்சு தொங்க விட்டிருப்பேன். பஞ்சர் ஒட்டுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கிறவன் எடுத்துப் படிப்பான். நல்லா உள்ள எறங்கிருவான். வண்டி ரெடின்னு சொன்னாலும் எந்திரிக்க மாட்டான். கடைசிப் பக்கம் வரைக்கும் போவான், அங்க பாத்தா பக்கம் இருக்காது. நான் கிழிச்சுக் கல்லாவுக்குள்ள வச்சிருப்பேன். "அடுத்த பஞ்சருக்கு வா, தாரேன்"பேன். ஒருத்தன் அதுக்காக வீட்டுல போயி தானே டயரக் குத்திட்டு வந்தான்ணே! கொலகாரன் யாருன்னு தெரியணும்ல? சிரிங்க, சிரிங்க. சிரிச்சா நல்லா இருக்கீங்க.

அப்பிடி ஒருநா கடைக்கு வந்தவருதான் திருவேங்கடம் சாரு. காலேஜுல லேப்புல வேல பாத்து ரிட்டயரானவரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, டிவிஎஸ் பிப்டிய உருட்டிக்கிட்டு. பேசுனா பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது. நான் படிச்சுக்கிட்டிருந்ததப் பாத்துட்டு, "வட்டத்துக்கு வாங்களேன் மொக்கராசு"ன்னாரு. நான் எதோ வட்டிக்கு விடுற எடமாக்கும்னு நெனச்சேன்.

வாசகர் வட்டம்ணே. வராக நதி வாசகர் வட்டம். ஆத்துல தண்ணி இருக்கோ இல்லையோ, வட்டம் இருக்கும். மாசத்துல மொத ஞாயித்துக்கெழம, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில. டீ, காரபூந்தி உண்டு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, இந்த மாசம் என்ன நாவல் படிச்சேன், நீங்க ஏன் படிக்கணும்னு சிபாரிசு பண்ணணும். ஒரே ஒரு சட்டந்தான். முடிவச் சொல்லக் கூடாது. தலைவரு இன்னாசிமுத்து வாத்தியாரு ஒரு பழைய டைப்ரைட்டரு முன்னாடி உக்காந்திருப்பாரு. பேசுறவன் மெல்ல மெல்ல முடிவுகிட்டப் போறான்னு தெரிஞ்சா, அந்த உருளையப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளுவாரு. டிங்குனு மணி அடிக்கும். பேசுனவன் கப்புனு உக்காந்துறணும்.

அவிங்க பேசுறதக் கேக்கணுமே நீங்க! "இந்த நாவல் என்னையத் தூங்கவே விடல"ம்பாரு ஒருத்தரு. அவரு போன கூட்டம் பூராம் கொறட்ட விட்டவரு. இன்னொருத்தரு எத எடுத்தாலும் "நடை நீரோட்டம் மாதிரி"ம்பாரு. நான் எந்திரிச்சு, "எந்த ஆத்து நீரோட்டம் சார்? நம்ம ஆத்துல சாக்கடையில்ல ஓடுது"ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாய்ங்க, அவரத் தவிர. அன்னையிலருந்து நான் வந்தாத்தான் கூட்டமே களகட்டும். அது எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு இல்லேம்பாய்ங்க, ஆனா தெரியும்.

திருவேங்கடம் சாரு மட்டும் வேற மாதிரி சிபாரிசு பண்ணுவாரு. நான் படிச்சேன்னு சொல்லவே மாட்டாரு. எந்திரிச்சு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "வீட்டம்மா ஒரு நாவல் படிச்சா. அவ என்ன சொல்றான்னா..."ன்னு ஆரம்பிப்பாரு. வேதவல்லின்னு பேரு. முட்டுவலி, மாடி ஏற முடியாதாம். அதனால இவரு வாயில சொல்லி அனுப்புதாம் அந்தம்மா. "அந்தக் கதையில அம்மாக்காரி நல்லவன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அவ ஒரு தடவகூட மகளப் பேர் சொல்லிக் கூப்புடலங்கிறா வேதா." இப்பிடித்தான் சொல்லுவாரு. அண்ணே, நெசமாவே அப்பிடித்தான் இருக்கும்! போயி மறுபடி படிச்சா அந்தக் கெழவி ஒரு எடத்துலகூடப் பேர் சொல்லியிருக்க மாட்டா. நம்மளுக்கெல்லாம் கண்ணு இருந்த எடத்துல அந்தம்மாவுக்கு டார்ச் லைட்டு.

ஒருநா எந்திரிச்சு, "போன கூட்டத்துல மொக்கராசு பேசுனத வீட்டம்மாகிட்டச் சொன்னேன். இந்த வட்டத்துலயே ஒழுங்காப் படிக்கிற ஆளு அவரு ஒருத்தருதாங்கிறா"ன்னு சொன்னாரு.

எனக்கு ஒண்ணுமில்ல. நாம என்ன அதுக்கெல்லாம் மயங்குற ஆளா? அன்னைக்குச் சாயங்காலம் வந்த வண்டிக்கெல்லாம் காத்து மட்டும் ஓசியில அடிச்சு விட்டேன். அவ்வளவுதான்.

பெறகு மாசா மாசம் நானும் கேட்டு விடுவேன். "அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சார், அந்தத் தம்பிக்காரன் செஞ்சது சரியா?"ன்னு. அடுத்த மாசம் பதில் வரும். என் வீட்டுல ஒருத்தி இருக்கா. நான் புத்தகத்தத் தொட்டாலே, "அதப் பொரட்டுறதுக்குப் பதிலா கல்லுல கெடக்குற தோசையத் திருப்பு"ம்பா. நல்ல கதைய ஒரு வரி சொன்னாக்கூட, "அவனுக்கு எத்தன ஏக்கரு?"ன்னு கேப்பா. இப்பிடி ஒருத்தி வீட்டுல இருக்கும்போது, அப்பிடி ஒரு அம்மா ஊர்ல இருக்குன்னா சும்மா ஒரு... சும்மாதான். அதுக்கெல்லாம் பேர் வைக்காதீங்க.

தேவதானப்பட்டி தாண்டிருச்சா? சரி.

மதுரையில புத்தகத் திருவிழா போட்டாய்ங்கள்ல, போயிருந்தேன். வாழ்க்கையில மொத தடவையா புதுப் புத்தகம் வாங்குனேன்ணே. பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கியே பழகுன ஆளு. புது நாவலு, பிரிச்சா ஒரு வாசம். கடையிலயே நின்னுக்கிட்டுப் பாதி படிச்சிட்டேன். இது அந்தம்மா படிக்க வேண்டியதுன்னு தோணிருச்சு. மொதப் பக்கத்துல எழுதுனேன்: "மரியாதைக்குரிய வேதவல்லி அம்மாவுக்கு, மொக்கராசு, பஞ்சர் கடை." எழுத்தக் கோணாம எழுதுறதுக்கே அர நாளாச்சு. சவரம் பண்ணிக்கிட்டு, வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, வீட்டுக்கே போயிட்டேன். முட்டுவலிக்காரம்மா, நம்மதான போகணும்?

சாருதான் கதவத் தொறந்தாரு. என்னையப் பாத்ததும் மூஞ்சி செத்துப் போச்சு. "அம்மா இல்லையா சார்?" "கோயிலுக்குப் போயிருக்கா"ன்னாரு. "முட்டுவலியோட கோயிலுக்கா?" கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சாரு. நான் எட்டிப் பாத்தேன். அடுப்படியில ஒரு தட்டு, ஒரு டம்ளரு. கொடியில வேட்டி, துண்டு, வேட்டி. பொம்பள இருக்குற வீட்டுக்கு ஒரு வாசம் இருக்கும்ல? ஒண்ணையும் காணோம்.

பெறகு உக்காந்து அழுதாருண்ணே. அந்தம்மா போயி நாலு வருசமாச்சாம். சண்ட இல்ல, சச்சரவு இல்ல. வேற ஆளும் இல்ல, நான் அதையும் கேட்டுட்டேன். என்ன ஆச்சுன்னா, கல்யாணமான நாள்லருந்து அந்தம்மா படிச்ச கதையெல்லாம் சமைச்சுக்கிட்டே இவருகிட்டச் சொல்லுமாம். இவரு பேப்பரப் பாத்துக்கிட்டே "ம்"ங்கிறது. "ம்." "ம்." ஒருநா பாதிக் கதையில நிறுத்தி, "இப்ப நான் என்ன சொன்னேன்?"னு கேட்டுருக்கு. இவருக்குத் தெரியல. அந்தம்மா பெறகு கத சொல்றதயே விட்டுருச்சாம். அதுக்கப்புறம் ஒருநா பைய எடுத்துக்கிட்டு, கோயமுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போனது போனதுதான். அதுவுஞ் சொன்னாரு, சிங்காநல்லூரு, கீழ மாவு மில்லு, மேல வீடு. ஒரு தடவ அந்த மில்லு வாசல் வரைக்கும் போயி நின்னுட்டு, படியேறாமத் திரும்பி வந்துட்டாராம்.

இங்க அந்தம்மா விட்டுட்டுப் போன நாவலையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சு, இதுக்கு வேதா என்ன சொல்லியிருப்பான்னு யோசிச்சு யோசிச்சு வந்து சொல்றாராம் கூட்டத்துல. நாலு வருசத்துக்கு முன்னாடி "ம்"ன்னதுக்கு இப்ப பதில் சொல்றாரு!

என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "கூட்டத்துல மட்டும் வாய்விட்டுச் சொல்லிராதீங்க மொக்கராசு. வாய்விட்டு ஒருத்தர் சொல்லிட்டா அப்புறம் என்னால எந்திரிச்சு நிக்க முடியாது. மாசத்துல அந்த ஒரு நாளுதான் அவ வீட்டுல இருக்கா"ன்னாரு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நெசமா. புத்தகத்த ஸ்டூலு மேல வச்சிட்டு வந்துட்டேன். கோவமா? எனக்கா? எனக்கு எதுக்குக் கோவம்? அன்னைக்கு ஒரு பல்சர்க்காரன் டியூபுல வால்வு பிச்சுக்கிட்டு கையோட வந்துருச்சு, அது வால்வு மட்டம். எல்லாம் இப்ப சைனாக்காரன் சரக்கு.

அடுத்த கூட்டம். என் மொற வந்துச்சு. எந்திரிச்சேன். "ஒரு புது நாவல் படிச்சேன், எல்லாரும் கட்டாயம் படிக்கணும்"னேன். பேரு "வீட்டம்மா". கதாநாயகன் வெங்கடாசலம். திருவேங்கடத்துக்கும் வெங்கடாசலத்துக்கும் எம்புட்டு தூரம், ஒரே மலைதான? வெளையாட்டுண்ணே. வட்டத்துல வெளையாடாம எங்க வெளையாடுறது?

ஆடிக் காட்டுனேன் பாருங்க. "வெங்கடாசலம் பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, ஆனா ஊருக்குள்ள அவ பேர்ல பேசிக்கிட்டுத் திரியிறான்"னு ஆரம்பிச்சு, கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிற மாதிரி தொடச்சு, அதே குரல்ல, "வீட்டம்மா என்ன சொல்றான்னா..."ன்னேன். நானா கொஞ்சம் சேத்துக்கிட்டேன். ராத்திரி ரெண்டு தட்டு வச்சு ரெண்டுலயும் அவனே திம்பான். முட்டுவலித் தைலத்த வாங்கி அவன் முட்டுலயே தேச்சுக்குவான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டா பொம்பளக் குரல்ல உள்ளருந்து பதில் சொல்லுவான். "யாரு... நாந்தான் வேதா"ன்னு இழுத்தேன். ஆமா, பேரும் வந்துருச்சு வாயில. வந்தா வந்துட்டுப் போகுது.

அப்பிடியே கட்டிப்போட்டுட்டேன் எல்லாரையும். ஒருத்தன் அசையல. காரபூந்தி மெல்லுற சத்தங்கூட இல்ல. இன்னாசி வாத்தியாரு டிங்குன்னாரு. "இன்னும் முடிவுகிட்டயே போகலையே வாத்தியாரே"ன்னேன். மறுபடி டிங்கு. "மெஷின் ரிப்பேரா?"ன்னேன். டிங்கு, டிங்கு. பொறாமண்ணே, அவரு பேசும்போது இப்பிடி ஒருநாளும் யாரும் கேட்டதில்ல.

பேங்க்குல வேல பாக்குற புள்ள ஒண்ணு, பிரவீணான்னு, அன்னைக்குத்தான் மொதமொதல்ல வந்திருந்துச்சு. அது ஒண்ணுதான் வாயவிட்டுச் சிரிச்சது. "ஏன் சார் அந்தாளு அப்பிடிப் பண்றான்? லூசா?"ன்னு கேட்டுச்சு. "லூசேதான் தங்கச்சி"ன்னேன். "கடைசியில என்ன ஆவான்?" "அதச் சொல்லக் கூடாது தாயி, இங்க சட்டம்"னேன்.

அப்பத்தான் திருவேங்கடம் சாரு எந்திரிச்சாரு. கண்ணாடியக் கழட்டல. "மணிய விடுங்க வாத்தியாரே. அந்த நாவல நானும் படிச்சிருக்கேன்"னாரு. கவனிங்க, அந்தாளு வாயில "நான்"னு வந்தது அதான் மொதத் தடவ.

அந்தப் புள்ளையப் பாத்துச் சொன்னாரு. "இவரு சொன்னதெல்லாம் சரிதாம்மா. அந்தத் தைலம் மட்டுந்தான் பொய். கடைசி அத்தியாயத்த இவரு படிக்கல, நான் சொல்றேன். வெங்கடாசலம் பொண்டாட்டி போயிட்டது அந்தச் சபையில எல்லாருக்கும் தெரியும். அவ போன அந்த வாரத்துலயே தெரியும், சின்ன ஊருதான? தெரிஞ்சும் யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. வேதா என்ன சொன்னா, வேதா என்ன சொன்னான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. தெரியாதவன் ஒரே ஒருத்தன்தான். அவன் அவளுக்குன்னு புதுப் புத்தகம் வாங்கி, பேரெழுதி, சவரம் பண்ணிக்கிட்டு, வெள்ளைச் சட்டையில வாசல்ல வந்து நின்னான். வெங்கடாசலமாச்சும் அவகூட முப்பது வருசம் இருந்தான். இவன அவ கண்ணால பாக்காமயே விட்டுட்டுப் போயிட்டாம்மா."

சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

முடிவச் சொன்னாருல்ல? சட்டத்த மீறுனாருல்ல? வாத்தியாரு மணி அடிச்சாரா? அடிக்கல! அதக் கேக்க நாதியில்ல. அந்தப் புள்ள என் சட்டையப் பாத்துச்சு. அன்னைக்குப் பாத்து அதே வெள்ளைச் சட்டையப் போட்டுத் தொலச்சிருந்தேன். நான் விடல. "சார், இது நான் சொன்ன நாவலு. என் நாவல்ல அப்பிடி ஒரு ஆளே கெடையாது"ன்னேன். இன்னாசி வாத்தியாரு, "எங்களுக்கெல்லாம் தெரியும்ப்பா. நீ அடுத்த மாசத்துலருந்து வர வேணாம்"னாரு. எது தெரியும்? என்ன தெரியும்? தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லணுமா இல்லையா? நான் ஒருத்தன் மட்டும் மாசாமாசம் "அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னு சொல்லி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன், பூராப் பயலும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காய்ங்க. எம்புட்டுக் கல்நெஞ்சக்காரப் பயலுக பாத்துக்கங்க!

இதோட விட்டாய்ங்களா? அடுத்த மாசம் நான் போகல. சும்மா அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போனவன், படிக்கு கீழ நின்னேன். மேல பேசுறது கேக்கும். அந்தாளு இனிமே எந்திரிக்க மாட்டாருன்னுதான நெனச்சேன்? எந்திரிச்சாருண்ணே. அதே இழுவ. "வீட்டம்மா ஒரு நாவல் படிச்சா." நான் வாங்கிக் குடுத்த நாவலு! "நல்ல நாவலுங்கிறா. வாங்கிக் குடுத்தவருக்குத்தான் பாதி புரியலங்கிறா." கொல்லுனு சிரிப்பு. கைதட்டு வேற. அந்த பேங்க்குப் புள்ள சத்தந்தான் எல்லாத்துக்கும் மேல கேட்டுச்சு.

எனக்குப் புரியலையாம். எந்தப் பாதி புரியல? அதச் சொல்லணும்ல? இல்லாத பொம்பள, நாலு வருசமா ஊர்லயே இல்லாத பொம்பள, என்னையப் போயி புரியலன்னு எப்பிடிச் சொல்லலாம்? ஒழுங்காப் படிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான்னு சொன்னதும் அதே அம்மாதான? அப்ப எது நெசம்?

என்னண்ணே சொன்னீங்க? ரெண்டையும் சொன்னது திருவேங்கடம் சாருதானா? அட, அது தெரியாதா எனக்கு? அந்தாளு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? லேப்புல குப்பி கழுவுன ஆளு. அவரு என்னைய நல்லாப் படிக்கிறேன்னு சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நான் கேக்குறது அந்தம்மாவ.

அதுக்குத்தான் போறேன், கோயமுத்தூருக்கு. இந்தா, பையில பாருங்க. அதே நாவலு, இன்னொண்ணு வாங்கிட்டேன். மொதப் பக்கத்துல எழுதியிருக்கேன். இந்தத் தடவ பஞ்சர் கடைன்னு போடல, வெறும் மொக்கராசு. சிங்காநல்லூரு, மாவு மில்லு, மாடி. அந்தாளு மாதிரி வாசல்லருந்து திரும்ப மாட்டேன், படியேறிருவேன். புத்தகத்தக் கையில குடுப்பேன். "படிச்சிட்டு நீங்களே சொல்லுங்கம்மா, எனக்குப் புரிஞ்சிருக்கா இல்லையா?"ன்னு கேப்பேன். அதுக்கு முன்னாடி, ஒங்க வீட்டுக்காரரு ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு ஊருக்குள்ள என்னென்ன பேசுறாருன்னு ஒண்ணு விடாம எடுத்து வைக்கப்போறேன். முட்டுவலி, கோயிலு, அழுதது, அம்புட்டும். தைலத்தையும் சேத்துக்குவேன், அதுதான் நல்லாருக்கு. அந்தம்மா நேரா ஒரு போன் போட்டு "என் பேர எடுக்காதய்யா"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். பெறகு அந்தாளு எத வச்சு எந்திரிக்கிறாருன்னு பாப்போம்.

ஆமா, வெள்ளைச் சட்டைதான். அதுக்கென்ன இப்ப? சவரமும் இன்னைக்குக் காலையிலதான் பண்ணுனேன். பொம்பளைக இருக்குற வீட்டுக்குப் போகும்போது பரட்டையாவா போவாய்ங்க? நீங்க ஒருத்தரு.

என்ன, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? பிடிக்கலையா கத? பிடிக்காமயா பெரியகுளத்துல பிடிச்ச பக்கத்த இன்னும் திருப்பாம உக்காந்திருக்கீங்க? வெரல எடுங்க, வெரலு மரத்துப் போயிருக்கும்.

செம்பட்டி தாண்டியாச்சு. அடுத்து ஒட்டன்சத்திரத்துல வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். எனக்கு ஒரு டீ, ரெண்டு போண்டா. சட்னி தனியா வாங்குங்க, ஊத்தி வாங்கிட்டு வந்து சட்டையில ஒழுக விட்டுறாதீங்க. இம்புட்டு தூரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனதுக்கு அதுதான் கூலி. குடுக்க மாட்டேன்னா விடுங்க, பரவால்ல, நான் ஒண்ணும் சண்டைக்கு வர மாட்டேன்.

அந்த எஸ்டேட்டு டாக்டரு இருக்காருல்ல... இங்க மணி அடிக்க வாத்தியாருங்கூட இல்ல, பாத்துக்கங்க.